இருபதுக்குப் பதினாறு

அடித்தட்டு வீரர் அறவாரியத்தின் ஏழாம் எண் படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. ராஃபேல் அவற்றை ஒரு சனிக்கிழமை காலையில், குவாலா சிலாங்கூர் பட்டணத்தில் இருக்கும் அறவாரிய அலுவலகத்தின் முகப்பில் நின்றுகொண்டே நிரப்பினார். நாற்காலிகள் இருந்தன. அவற்றின் முதுகில் 'பிரமுகர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

ராஃபேலுக்கு ஐம்பத்து மூன்று வயது. பெஸ்தாரி ஜெயாவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவருடைய மகன் ஜேடன் குத்துச்சண்டைக்காரன். வயது இருபது. மாநிலப் போட்டியில் அறுபத்து மூன்று கிலோ பிரிவில் இரண்டு முறை முதலிடம். அடுத்து அவன் போக வேண்டியது தேசிய ஆயத்த முகாம். அந்த முகாமில் ஆண்டுக்கு ஓர் இடத்துக்குப் பெயர் பரிந்துரைக்கும் உரிமை அறவாரியத்திடம் இருந்தது. இருபத்தொரு வயது நிரம்பியவர்களுக்கு இடம் கிடையாது. ஜேடனுக்கு வரும் பிப்ரவரியில் இருபத்தொன்று.

அறவாரியத்தின் விதி மிக எளிமையானது. வீரர் கஷ்டப்பட்டு வளர்ந்திருக்க வேண்டும். குத்துச்சண்டை வீரர் என்றால், முரட்டுத்தனமாகவும் வளர்ந்திருக்க வேண்டும். பார்வையாளர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. முரட்டு வளர்ப்பை உறுதிசெய்து அறவாரியம் வழங்குவதுதான் கரடுமுரடுச் சான்றிதழ். அதற்கு விண்ணப்பம் ஏழாம் படிவம்.

படிவம் முன்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. தலைவர் டத்தோ சுகுமாறன் தமிழ்ப்பற்று உள்ளவர். அவரே உட்கார்ந்து அதைத் தமிழாக்கினார். முப்பத்திரண்டு கேள்விகளையும் ஒரே பிற்பகலில் முடித்துவிட்டதாக ஆண்டறிக்கை பெருமையோடு குறிப்பிட்டது.

ஒன்பதாவது கேள்வி, தந்தையின் மதுப்பழக்கம். 'தினமும்', 'வாரம் மும்முறை', 'விழாக்காலம் மட்டும்' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. 'இல்லை' என்பதற்குக் கட்டம் இல்லை. ராஃபேல் குடிப்பதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். கிறிஸ்மஸ் கேக்குக்காக மனைவி ஜெனவீவ் உலர்திராட்சையை ரம்மில் ஊறப்போடுவது நினைவுக்கு வந்தது. மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் 'விழாக்காலம் மட்டும்' என்பதில் கோடு போட்டார்.

பதிமூன்றாவது கேள்வி: 'வீட்டில் அறை எத்தனை?'

'ஒன்று' என்று எழுதினார். ஜேடன் வளர்ந்தது பாலத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். வீட்டுக்கு ஓர் அறைதான்.

பதினான்காவது கேள்வி: 'அடி எவ்வளவு?'

இதற்கு அவர் யோசிக்கவே இல்லை. நான்கு வருடங்களுக்கு முன்னால் தோட்டத்தை விற்று லயங்களை இடித்தபோது, ஒவ்வொரு வீட்டின் அளவையும் நிர்வாகம் கடிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. மாற்று வீடு கேட்டு அந்தக் கடிதத்தோடு அவர் ஆறேழு அலுவலகங்கள் ஏறி இறங்கியிருக்கிறார். தன் அடையாள அட்டை எண்ணுக்கு அடுத்தபடியாக அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அதுதான்.

'20 x 16' என்று எழுதினார்.

*

நேர்காணலுக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டத்தோ சுகுமாறன். வலப்பக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு கவனிக்கும் வழக்கம் உள்ளவர். இடப்பக்கம் ஷர்மினி என்ற இளம்பெண். அவளுடைய பதவி, பிம்ப மேம்பாட்டு அதிகாரி.

முதலில் டத்தோ தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். "நானும் தோட்டத்துப் பிள்ளைதான் தம்பி. என் அப்பா தோட்ட அலுவலகத்தில் பெரிய கிராணி. எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்து பார்த்தால் லயம் முழுக்கத் தெரியும். வறுமையை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்து வளர்ந்தேன். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல்தான். அதனால் என்னை யாரும் ஏமாற்ற முடியாது."

ஜேடன் எழுந்து நின்று, "தேங்க் யூ சார்" என்றான். ஷர்மினி எதையோ குறித்துக்கொண்டாள். அவன் இழக்கப்போகும் மதிப்பெண்களில் முதல் இரண்டு அப்போது போயின.

எந்தக் கும்பலில் இருந்தான் என்று டத்தோ கேட்டார். கோயிலில் பூசைக்கு உதவி செய்யும் குழுவில் இருந்ததாக ஜேடன் சொன்னான். எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்குள் சண்டை உண்டா என்று கேட்டார். நற்கருணை நேரத்தில் யார் மணியடிப்பது என்பதில் ஒருமுறை வந்திருக்கிறது என்றான். எப்படி முடிந்தது என்றார். முறை வைத்துக்கொண்டோம் என்றான்.

டத்தோ பெருமூச்சு விட்டார். பிறகு ஜேடனின் இடது புருவத்தின் மேல் இருந்த தழும்பைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. பாராங் கத்தி வெட்டா என்று கேட்டார்.

"இல்ல சார். செம்பன மட்ட. பதினோரு வயசுல அம்மாகூட உதிரிப்பழம் பொறுக்கப் போனேன். மேலேர்ந்து விழுந்துச்சு. ஏழு தையல்."

தலைமையாசிரியர் கண்ணைத் திறக்காமலே, "யார் எறிஞ்சது?" என்றார்.

"யாரும் எறியல சார். தானா விழுந்துச்சு."

'தழும்பு: இயற்கைக் காரணம்' என்று எழுதி டத்தோ அடிக்கோடு போட்டார். காலை ஐந்து மணிக்கு எழுந்து, அம்மாவோடு குலைகளுக்கு அடியில் கிடக்கும் பழங்களைச் சாக்கில் அள்ளிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போன ஐந்து வருடங்களைப் பற்றிச் சொல்ல ஜேடனுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. படிவத்தில் அதற்குக் கேள்வி இல்லை.

அப்போதுதான் ஷர்மினி படிவத்தை டத்தோவின் பக்கம் நகர்த்தினாள். பதிமூன்றையும் பதினான்கையும் பார்க்கச் சொன்னாள். டத்தோ கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு ராஃபேலை முதல்முறையாக ஏறிட்டுப் பார்த்தார்.

"அறை ஒன்றுதானா?"

"ஒண்ணுதாங்க டத்தோ. அந்த ஒரு அறையிலதான் எங்க அப்பா அம்மாவோட சேத்து நாங்க அஞ்சு பேரும் கெடந்தோம்."

"ஒரே அறையில் ஐந்து பேருமா?"

"ஆமாங்க. லயத்துல எல்லா வீட்லயும் அப்படித்தான். நிர்வாகம் குடுத்தது."

தலைமையாசிரியர் கண்ணைத் திறந்தார்.

"நிர்வாகமே கொடுத்ததா?" என்றார் டத்தோ. "நல்லது. அடுத்தது. இருபதுக்குப் பதினாறு என்று எழுதியிருக்கிறீர்கள்."

"அது அடிங்க."

"அதைத்தான் நாங்களும் சொல்கிறோம். இருபது நாளைக்குப் பதினாறு, அப்படித்தானே?"

ராஃபேலுக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. அறை என்றால் இவர்களுக்குக் கன்னத்தில் விழுவது. அடி என்றால் முதுகில் விழுவது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் ஷர்மினி அவர் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினாள்.

"அங்கள், இதுவரைக்கும் ஜேடனுக்கு மார்க் ஜீரோ. பாஸ் மார்க் நாப்பது. அந்தப் பதினாலாவது கேள்விக்கு மட்டும் நாப்பது இருக்கு லா. யோசிச்சுப் பேசுங்க."

ராஃபேல் மகனைப் பார்த்தார். மகன் தலையை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டினான். அவர் டத்தோவின் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க டத்தோ. அடிதாங்க. இருபதுக்குப் பதினாறு."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. டத்தோ எழுந்து வந்து ஜேடனின் தோளைத் தட்டினார். "எவ்வளவு அடி வாங்கியும் தேங்க் யூ சொல்கிறான் பாருங்கள். நடுக்கம் இன்னும் போகவில்லை" என்று தலைமையாசிரியரிடம் சொன்னார்.

திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்த ஜேடன், பாசிர் பெனாம்பாங் வந்ததும் ராஃபேலின் காதுக்கு அருகில் குனிந்து, "ஏன்பா அப்படிச் சொன்னீங்க? நீங்க என்னை ஒரு தடவகூட அடிச்சது இல்லியே" என்றான்.

"ஒரு தடவ அடிச்சிருக்கேன். நீ ஆத்துல குளிக்கப் போயிட்ட."

"அது துண்டாலப்பா."

"இருந்தாலும் அடி அடிதான்" என்றார் ராஃபேல்.

*

கரடுமுரடுச் சான்றிதழ் தபாலில் வந்தது. கூடவே ஆறு வாரப் பயிற்சிக்கான அட்டவணையும் வந்தது. முகாமுக்குப் போகும்முன் வீரரின் வாழ்க்கைக் கதை மக்களைச் சென்றடைய வேண்டும் என்பது அறவாரியத்தின் கொள்கை.

முதல் வாரம் நடை. ஜேடன் நேராக நடக்கிறான் என்று ஷர்மினி குறைப்பட்டுக்கொண்டாள். தோளை ஒரு பக்கம் சரித்து நடக்கப் பழக்கினார்கள். இரண்டாம் வாரம் துப்புவது. மூன்றாம் வாரம் 'ப்ளீஸ்', 'தேங்க் யூ', 'சாரி' ஆகிய சொற்களை நிறுத்துவது. அதில் அவன் தேறவில்லை. தேறாததற்கு 'சாரி' சொன்னான்.

பெஸ்தாரி ஜெயாவில் டயர் கடைக்குப் பின்னால் குத்துச்சண்டை சொல்லித்தரும் இருசப்பன் மாஸ்டர் இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒம் மவனுக்கு லெஃப்ட் ஹூக் சரியா வர எனக்கு நாலு வருஷம் ஆச்சு ராஃபேலு. இவங்க சர்ட்டிபிகேட்டயும் குடுத்துட்டு, துப்ப ஒரே வாரத்துல கத்துக்குடுத்துட்டாங்க. நாந்தான் தப்பான தொழிலுக்கு வந்துட்டேன்" என்றார்.

அடுத்தது படப்பிடிப்பு. 'தெருவில் வளர்ந்த சிங்கம்' என்று சுவரொட்டிக்கு வாசகம் எழுதியாகிவிட்டது, தெரு வேண்டும். பாலத்துத் தோட்டத்தில் தெரு இருந்ததில்லை. லயமும் அதற்கு முன்னால் ஒரு கால்வாயும்தான் இருந்தன. இப்போது அவையும் இல்லை. ஆகவே குவாலா சிலாங்கூர் கடைவரிசைக்குப் பின்னால் இருந்த சந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். நகராண்மைக் கழகம் அதை முதல்நாள்தான் கழுவியிருந்தது. ஷர்மினி இரண்டு உணவுக்கடைகளிலிருந்து குப்பைப் பைகளை வாங்கிவந்து கொட்டச் சொன்னாள். படம் எடுத்து முடித்ததும் ஜேடன் குனிந்து அவற்றைத் திரும்ப அள்ளிப் பைகளில் போட்டான். அந்தப் படங்களை அழித்துவிட்டார்கள்.

பிறகு வீட்டுக்கு வந்தார்கள். ராஃபேல் குடும்பம் இப்போது இருப்பது நான்காம் மாடி பிளாட்டில். ஜெனவீவ் காலையிலேயே தரையைத் துடைத்து, ஜன்னல் திரையை மாற்றி, விருந்தாளிகளுக்குக் கறிப்பஃப் பொரித்து வைத்திருந்தாள். ஷர்மினி கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த ஜேடனின் பள்ளிச் சான்றிதழ்களைக் கழற்ற முடியுமா என்று கேட்டாள். மேசை விரிப்பை எடுத்துவிட்டு ஒரு காலி பாட்டிலை வைக்கலாமா என்றாள்.

ஜெனவீவ் உள்ளே போய், சோயா சாஸ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மேசையின் நடுவில் வைத்தாள்.

"எங்க வீட்ல இருக்கிறதுலயே இதுதாம்மா ரொம்பக் கறுப்பு" என்றாள். "அதுவும் காலியில்ல. கவுத்துறாதீங்க."

 மறுநாள் காலையில் அவள் கணவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நல்ல பிள்ளையாக வளர்த்ததற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்டாள். ராஃபேல், பிப்ரவரிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

*

சுங்கை பெசார் மண்டபத்தில் அறிமுக விழா நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு போனார்கள். வாசலில் கறுப்பு டி-ஷர்ட்டுகள் அடுக்கியிருந்தன. மார்பில் வெள்ளை எழுத்தில் '20 x 16' என்று அச்சடித்திருந்தது. அது என்னவென்று கேட்டவர்களுக்கு அறவாரியத் தொண்டர்கள் விளக்கினார்கள். விளக்கம் கேட்டவர்கள் ராஃபேலைத் திரும்பிப் பார்த்துவிட்டு டி-ஷர்ட் வாங்கிக்கொண்டார்கள்.

டத்தோ நாற்பது நிமிடம் பேசினார். "பொதுமக்களே, கையை விரித்து அறைவதில் இந்தத் தந்தைக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அறை ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒரே அறையில் ஐந்து பேர் விழுந்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் அடி. இப்படிப்பட்ட தந்தைமார்கள் இல்லையென்றால் நமக்குக் குத்துச்சண்டை வீரர்கள் எங்கிருந்து வருவார்கள்? என் மகனையும் குத்துச்சண்டையில் சேர்க்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் அவனை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்பிவிட்டேன்."

கைதட்டல் எழுந்தது.

அடுத்து மன்னிப்பு நிகழ்ச்சி. ராஃபேல் மேடைக்கு வந்து அழ வேண்டும். ஜேடன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மூன்று வரை எண்ணிவிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் ஜேடன் ஒருமுறைகூட மூன்று வரை எண்ணவில்லை. ஒன்று என்றதும் கட்டிக்கொண்டான். மேடையிலும் அப்படியே செய்தான். கட்டிக்கொண்டு தகப்பனின் காதில், "போயிரலாம்பா. எனக்கு இந்த முகாமே வேணாம்" என்றான்.

"ரெண்டு நிமிசந்தான்யா. பல்லக் கடிச்சிக்க" என்றார் ராஃபேல்.

அதைச் சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஷர்மினி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

*

இரண்டு வாரம் கழித்து யாரோ ஒரு பழைய படத்தை முகநூலில் போட்டார்கள். வெள்ளை அங்கியில், கையில் மெழுகுவர்த்தியோடு, எண்ணெய் தடவி வகிடெடுத்த தலையோடு ஜேடன் நிற்கிறான். பன்னிரண்டு வயது. கீழே, 'இதுதான் தெருச் சிங்கமா?' என்று ஒரு கேள்வி. ஒரே நாளில் ஆயிரம் பேர் சிரித்துவிட்டார்கள். இந்தப் பையனின் முரட்டுத்தனம் அசலா போலியா என்று வானொலியில்கூட அரைமணி நேரம் விவாதித்தார்கள். முரட்டுத்தனம் போலி என்றால் அவன் பெற்ற வெற்றிகளும் போலிதானா என்று ஒரு நேயர் கவலையோடு கேட்டார்.

அறவாரியம் அவசரக் கூட்டம் போட்டு அறிக்கை விட்டது. படத்தில் இருப்பது ஜேடன்தான் என்றாலும், அந்த மெழுகுவர்த்தியை அவர் வற்புறுத்தலின் பேரிலேயே பிடித்திருந்தார் என்று அறிக்கை கூறியது. ஆதாரமாக, ராஃபேல் தம் கைப்பட நிரப்பிய ஏழாம் படிவத்தின் இரண்டாம் பக்கத்தை இணைத்து எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பியது. 'தந்தையின் மதுப்பழக்கம்: விழாக்காலம் மட்டும். அறை: ஒன்று. அடி: 20 x 16.' கீழே அவருடைய கையெழுத்து.

ஜேடனின் முரட்டுத்தனம் அசல்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

ராஃபேல் பதினெட்டு வருடமாக அவர்களுடைய சிற்றாலயத்தில் ஞாயிறு வாசகம் வாசித்து வந்தவர். அந்த வாரம் வாசகத்துக்கு வேறு ஆள் ஏற்பாடாகியிருந்தது. அவர் களைத்துப்போயிருப்பார் என்று நினைத்ததாகச் சொன்னார்கள். கீழ்வீட்டு அன்னம்மா, தன் பேத்தியை அவர் வருவதற்கு முன்பே மின்தூக்கியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். பிறகு தனியாக வந்து, "குடிய விட்டுட்டா நீங்க தங்கமான மனுசன்தான் தம்பி. செபமாலையில ஒங்களுக்காக ஒரு பத்து மணி ஒதுக்கியிருக்கேன்" என்றாள். அவளை அவருக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியும். லயத்தில் அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். எது நடந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் அச்சில் வந்துவிட்டதே என்றாள்.

ராஃபேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முகாமுக்கான பரிந்துரைக் கடிதம் அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தார்கள்.

*

அடுத்த மாதம் போனபோது, கடிதத்துக்கு எட்டாம் படிவமும் தேவை என்று தெரிந்தது. அது நற்குடும்பச் சான்றிதழ். முகாமுக்கு அனுப்பப்படும் வீரர், அமைதியும் ஒழுக்கமும் உள்ள வீட்டில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். சான்றிதழ் வழங்கும் குழுவுக்குத் தனித் தலைவர், தனி அறை. பக்கத்துக் கதவைக் காட்டினார்கள். ராஃபேலும் ஜேடனும் உள்ளே போனார்கள். டத்தோ சுகுமாறன் மற்றொரு கதவு வழியாக வந்து உட்கார்ந்து, மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்தார்.

அவர் ராஃபேலை முன்பின் பார்த்திராதவர்போல் உட்காரச் சொன்னார். பத்திரிகையில் வந்த படிவத்தைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"ஒரு பிஞ்சுக் குழந்தையை இருபது நாளில் பதினாறு அடி அடித்த வீட்டுக்கு நான் எப்படி நற்சான்று தர முடியும்? எனக்கு மனச்சாட்சி இல்லையா?"

"டத்தோ, நீங்கதானே அதுக்கு…"

"அது ஏழாம் படிவக் குழு. அவர்களுடைய முடிவில் இந்தக் குழு தலையிடாது."

ராஃபேல் எல்லாவற்றையும் சொன்னார். அறை என்றால் படுக்கிற அறை. அடி என்றால் அளக்கிற அடி. வீடு இருபதடி நீளம், பதினாறடி அகலம். மகன்மேல் தன் கை பட்டதில்லை. துண்டைப் பற்றியும் சொல்லிவிட்டார்.

டத்தோ பொறுமையாகக் கேட்டார். "அப்படியென்றால் ஏழாம் சான்றிதழ் செல்லாது. நீங்கள் சொல்வது பொய்யென்றால் எட்டாம் சான்றிதழ் கிடையாது. உண்மை எதுவோ அதை அறவாரியம் தலைவணங்கி ஏற்றுக்கொள்ளும். மிஸ்டர் ராஃபேல், ஒன்று சொல்கிறேன். இரண்டு சான்றிதழும் பெற்ற வீரர் ஒன்பது வருடமாக ஒருவர்கூட இல்லை. ஒன்பது வருடமும் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறோம். தரத்தை விட்டுக்கொடுத்ததே இல்லை."

பக்கத்தில் நின்ற ஜேடன் குறுக்கிட்டான். "சார், அஞ்சு பேரு ஒரே ரூம்ல இருந்தது கஷ்டம் இல்லியா? அதுக்கு மார்க் கெடயாதா?"

டத்தோ விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இருந்தது. மேல்முறையீட்டில், 'இடநெருக்கடி' என்ற தலைப்பில் நாற்பது மதிப்பெண் உண்டு. முந்நூற்றைம்பது சதுர அடிக்குக் குறைவான வீட்டில் வளர்ந்ததாகக் கள ஆய்வாளர் நேரில் போய் உறுதிசெய்தால் போதும். ஏழாம் சான்றிதழ் புதுக் காரணத்தோடு நிற்கும். வீட்டில் அடிதடி இல்லை என்றும் ஆகிவிடும். எட்டாம் சான்றிதழும் கிடைக்கும். கள ஆய்வாளரின் அறிக்கையே முடிவானது.

"இருபதைப் பதினாறால் பெருக்கினா முந்நூத்தி இருபது" என்றார் ராஃபேல். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

*

கள ஆய்வாளர் பவனேஷுக்கு இருபத்தாறு வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. பாலத்துத் தோட்டம் இருந்த இடத்துக்குக் காரில் வந்து இறங்கி, "அங்கள், வீடு எங்க?" என்று கேட்டான்.

வீடு இல்லை. லயமும் இல்லை. புதிய வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமப்படுத்தி, வெயிலில் காயப் போட்டிருந்தார்கள். தகரவேலியில், சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். பழைய கால்வாயில் ஒரு துண்டு மட்டும் சிமெண்டோடு மிச்சம் இருந்தது. அதை வைத்து ராஃபேல் இடத்தைக் கண்டுபிடித்தார்.

அளவு டேப் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டார். டேப் அலுவலக அலமாரியில் இருப்பதாகவும், அதை வெளியே எடுக்க டத்தோவின் கையொப்பம் வேண்டும் என்றும், டத்தோ வெளியூரில் இருப்பதாகவும் பவனேஷ் வருத்தத்தோடு சொன்னான்.

"பரவால்ல. கால் இருக்கு" என்றார் ராஃபேல்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கால்வாயை ஒட்டி வலது பாதத்தை வைத்தார். அவர் பாதம் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒவ்வொரு பாதத்துக்கும் முன்னால் ஒரு விரல் இடைவெளி விட்டு, அடுத்த பாதத்தை வைத்து, சத்தமாக எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. செம்மண் சுட்டது. இருபது வந்ததும் ஜேடன் அங்கே ஒரு கல்லை வைத்தான். திரும்பி, பக்கவாட்டில் பதினாறு எண்ணினார். இன்னொரு கல். நான்கு பக்கமும் நடந்து முடித்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நான்கு கற்களுக்கு நடுவில் அந்த இடம் ஒரு லோரியை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. ஜேடன் ஒரு மூலையில் போய் நின்றான். "இங்கதான் நான் படுப்பேன். தாத்தா கால் இங்க வரும்" என்று பவனேஷிடம் காட்டினான்.

"சரியா இருக்கு அங்கள்" என்றான் பவனேஷ். கைப்பேசியில் அறவாரியத்தின் செயலியைத் திறந்து வேகமாகத் தட்டச்சு செய்தான். "மொத்தம் எவ்வளவு?"

"முந்நூத்தி இருபது சதுர அடி."

பவனேஷ் தட்டினான். திரையைப் பார்த்தான். மறுபடியும் தட்டினான்.

"சதுரன்னு அடிச்சா ஏத்துக்க மாட்டேங்குது அங்கள். எழுத்து போட்டா எரர் வருது. நம்பர் மட்டுந்தான் போவும். யூனிட்டு அதுவே போட்டுக்கும்."

"என்னன்னு போடும்?"

"அடின்னுதான்."

 கீழே குறிப்பு எழுத இடம் இருக்கிறதா என்று ராஃபேல் கேட்டார். பவனேஷ் தேடிப் பார்த்தான். குறிப்புகளைச் செயலியே தயாரிக்கும். ஆய்வாளர் கட்டங்களில் சரி போட்டால் போதும். தகவல் தருபவர் நேரில் வந்தாரா, சரி. செருப்பு இல்லாமல் மரியாதையாக நடந்துகொண்டாரா, சரி. எண்ணிக் காட்டினாரா, சரி. சாட்சி உண்டா, சரி.

"அனுப்பிட்டேன் அங்கள். இனிமே மாத்த முடியாது. ஆனா எல்லாமே பச்சையாத்தான் காட்டுது, கவலப்படாதீங்க."

அவன் திரையை ராஃபேலின் பக்கம் திருப்பினான். வெயிலில் எழுத்து தெரியவில்லை. ராஃபேல் கையால் மறைத்துக்கொண்டு, சிற்றாலயத்தில் வாசகம் வாசிக்கும் அதே குரலில், நிறுத்தி நிறுத்தி மகனுக்கு வாசித்துக் காட்டினார்.

'தந்தை சம்பவ இடத்துக்குத் தாமாகவே வந்து, காலணிகளைக் கழற்றிவிட்டு, அடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். மொத்தம் 320 அடி. மகன் உடனிருந்து, எந்த மூலையில் என்பதை அடையாளம் காட்டினான்.'